நட்சத்திரம் இல்லாத கேள்விகள்: எம்.பி. கேட்கிறார், அமைச்சர் எழுதித் தருகிறார், அப்புறம்?

கரிசல்மண்

எங்கள் தொகுதி எம்.பி.யின் ஆட்கள் வீடு வீடாகச் சாதனை மலர் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழவழப்பான தாள். நாடாளுமன்றத்தில் இத்தனை நூறு கேள்விகள் கேட்டார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்படி என்னதான் கேட்டார் என்று மக்களவை இணையதளத்தில் தேடினேன். ஏறக்குறைய எல்லாமே எழுத்துபூர்வ பதில் பெற்றவை. அவரும் எழுந்து நின்று பேசவில்லை, அமைச்சரும் வாய் திறக்கவில்லை. தாளில் போனது, தாளில் வந்தது. பதில்களில் பாதி "திட்டத்தின் நோக்கங்கள் பின்வருமாறு" வகையறா.

இப்படிக் கேட்பதால் எந்த அமைச்சருக்காவது எப்போதாவது வியர்த்திருக்கிறதா? அல்லது இருதரப்பும் மனமொத்து நடத்தும் சடங்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

நிலவன்

சடங்குதான். அடுத்த இழைக்குப் போகலாம்.

பழையகோப்பு

போக வேண்டாம், கொஞ்சம் இருங்கள். மத்திய அமைச்சகம் ஒன்றின் நாடாளுமன்றப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேள்வி கேட்டவர்கள் பக்கம் இல்லை. பதில் எழுதிய பக்கம். எனவே என் சாட்சியத்தைக் கொஞ்சம் உப்புச் சேர்க்காமல் தருகிறேன்.

முதலில் கணக்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் (அவையில் வாய்மொழிப் பதில் கேட்பவை) 20, குறியிடாதவை (எழுத்தில் மட்டும் பதில் பெறுபவை) 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விப் பட்டியல் பச்சைத் தாளில் வரும், மற்றது வெள்ளைத் தாளில். பச்சைத் தாளில் இடம்பிடித்த 20இலும் பல நாட்களில் நான்கைந்துதான் அவையில் வாய்மொழியாகப் பதில் பெறும். நேரம் தீர்ந்ததும் மீதியெல்லாம் எழுத்துபூர்வ பதிலாகவே முடிந்துவிடும். அமளி நடந்த நாளில் எல்லாமே அப்படித்தான். ஆக எழுத்துபூர்வ கேள்வி என்பது ஓரத்தில் நடக்கும் வேலை இல்லை. கேள்வி முறையின் பெரும்பகுதியே அதுதான். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். அப்போதும் வெள்ளைத் தாள் மட்டும் பிழைத்தது.

ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5 கேள்விகள்தான் பட்டியலில் வரும். 15 நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கும். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்துக் கிழமை ஒதுக்கியிருப்பார்கள்.

இனி உள்ளே நடப்பது. கேள்வி வந்ததும் முதல் வேலை, இது நம்முடையதா என்று பார்ப்பது. நூலிழை இடம் கிடைத்தாலும் வேறு அமைச்சகத்துக்குத் தள்ளிவிடத்தான் பார்ப்போம். அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். இதிலேயே இரண்டு நாள் போய்விடும். அடுத்த வேலை, இதே பொருளில் முன்பு என்ன பதில் கொடுத்தோம் என்று பழைய பதில்களைத் தோண்டுவது. புதிய பதில் பழையதோடு முரண்படக் கூடாது. அந்தப் பயம் எங்களுக்கு உண்மையிலேயே இருந்தது. வாய்மொழிப் பதிலில் அமைச்சர் சிரிக்கலாம், கவிதை சொல்லலாம், எதிர்க்கட்சியைச் சீண்டி மேசையைத் தட்ட வைக்கலாம். எழுத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. தவறான தகவல் என்று பின்னால் தெரிந்தால் உரிமை மீறல் பிரச்சினை, அதாவது அவையின் உரிமையை மீறியதாகப் புகார், வரும். அதனால் பொய் எழுத மாட்டோம். உண்மையையும் முழுதாக எழுத மாட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. எங்கள் உத்தியோகமே அந்தச் சந்தில்தான்.

மேல்மாடம்

ஐயா சொல்லும் அந்தச் சந்தினைப் பத்திரிகையாளர் மாடத்திலிருந்து பார்த்தவன் நான். இரண்டு உதாரணம் தருகிறேன்.

14.09.2020. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் எழுத்துபூர்வ கேள்வி. தொழிலாளர் துறை அமைச்சர் சந்தோஷ் கங்வாரின் பதில்: அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. எனவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை. முடிந்தது. அதே பதிலில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பியதாகக் கணக்கு இருந்தது. நடந்தவர்களை எண்ணத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது 2021 ஜூலை, மாநிலங்களவை. கையால் மலம் அள்ளும் பணியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று சமூக நீதித் துறையின் பதில். நாடே கொதித்தது. ஆனால் கழிவுநீர்க் குழாயையும் மலக்குழியையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் என்று கேட்டால் அதே துறை 941 பேர் என்றது. மாநில வாரியாகப் பார்த்தால் தமிழ்நாடுதான் முதலிடம், 213 பேர். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி வரையறை. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டீர்களோ அந்தப் பெட்டியை மட்டும் திறந்து, காலியாக இருக்கிறது என்று காட்டினார்கள்.

கரிசல்மண்

இதைத்தான் நானும் சொல்கிறேன். தரவு இல்லை என்று ஒரு வரி எழுதினால் அமைச்சர் தப்பித்தார். விவசாயிகள் போராட்டத்தில் இறந்தவர்களுக்கு இழப்பீடு கேட்டபோதும் வேளாண் அமைச்சகம் 2021இல் இதே வரியைத்தானே எழுதியது? ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் விஷயத்திலும் மாநிலங்கள் தனியாகத் தெரிவிக்கவில்லை என்று முடித்தார்கள். சாவு நடந்ததும் ஏடு மட்டும் காணாமல் போகிறது.

மேல்மாடம்

தப்பிக்கவில்லை, அதுதான் சுவாரசியம். கங்வார் பதில் வந்த அதே வாரத்தில் மாநிலங்களவையில் திரிணாமூல் உறுப்பினர் டெரக் ஓ'பிரையன் ரயில்வேயைக் கேட்டார். ஊரடங்கு மரணம் என்று பொதுவாக இல்லை. ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணித்தபோது இறந்தவர்கள் என்று. ரயிலில் உடல் கிடந்தால் ரயில்வே போலீஸ் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இருந்தால் எண்ணிக்கையும் இருக்கும். 09.09.2020 வரை 97 பேர் என்று ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் எழுதிக் கொடுத்தார். ஒரு அமைச்சகம் தரவே இல்லை என்கிறது, இன்னொன்று 97 என்கிறது, இரண்டும் ஒரே வாரத்தில் அவை ஆவணம். மறுநாள் தலைப்புச் செய்தி எது என்று சொல்லவும் வேண்டுமா?

நடந்து வந்து சாலையில் இறந்தவர்களை எந்த ஏடும் எண்ணவில்லை என்பது வேறு துயரம். அதைக் கேள்வியால் சரிசெய்ய முடியாது. ஆனால் எந்த அலுவலகத்தில் எந்த ஏடு இருக்கிறது என்று தெரிந்து கேட்பவருக்குத்தான் பதில் வருகிறது. அது தெரியாத எம்.பி. 300 கேட்டாலும் திட்ட நோக்கங்கள்தான் வரும்.

எதிர்மறை உதாரணமும் உண்டு. 2021 ஆகஸ்ட், பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய அமளி நேரம். பாதுகாப்பு அமைச்சகம் அதைத் தயாரிக்கும் என்எஸ்ஓ குழுமத்தோடு எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்று எழுத்துபூர்வ பதில். பலர் அரசே மறுத்துவிட்டது என்று செய்தி போட்டார்கள். பதிலை மறுபடி படியுங்கள்: பாதுகாப்பு அமைச்சகம். அவ்வளவுதான். உள்துறை பற்றியோ மற்றவை பற்றியோ அந்த வரி எதுவும் சொல்லவில்லை.

தராசு

வழக்குரைஞன் என்ற முறையில் நான் சேர்ப்பது: எழுத்துபூர்வ பதிலின் வேலை அது வெளியான நாளில் முடிவதில்லை. வருடக்கணக்கில் காத்திருந்து கடிக்கும்.

2018 குளிர்காலக் கூட்டத்தொடர். கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திரங்கள் குறித்துத் தேர்தல் ஆணையம் கவலை தெரிவித்ததா என்று திரிணாமூல் உறுப்பினர் நதிமுல் ஹக் மாநிலங்களவையில் கேட்டார். நிதித்துறை இணை அமைச்சராக இருந்தவர் நம் பொன். ராதாகிருஷ்ணன். அரசுக்குத் தேர்தல் ஆணையத்திடமிருந்து அப்படி எந்தக் கவலையும் வரவில்லை என்பது பதில். ஆனால் 26.05.2017 அன்றே தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. நன்கொடை விவரத்தை மறைப்பது வெளிப்படைத்தன்மையைப் பொறுத்தவரை பின்னோக்கிய நடவடிக்கை என்று அதில் இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணங்கள் வெளிவந்தபின் 2019இல் பதிலையும் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

கவனியுங்கள். பதில் "இந்த அமைச்சகத்துக்கு வரவில்லை" என்று சொல்லியிருந்தால் வாதாட வழி இருந்திருக்கும். "அரசு" என்று எழுதினார்கள். சட்ட அமைச்சகமும் அரசுதானே? ஹக் உரிமை மீறல் அறிவிப்புக் கொடுத்தார். அதனால் யாரும் பதவி இழக்கவில்லை, உண்மை. ஆனால் ஆணையத்தின் அந்தக் கடிதம், 15.02.2024 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தையே ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. கடிதமே வரவில்லை என்று ஒரு அவைப் பதில் இருந்ததும் அதற்குள் ஊரறிந்த கதையாகிவிட்டது.

கரிசல்மண் கேட்ட வியர்வைக்கு: 1957இல் எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போனது பற்றி மக்களவையில் கேள்விகள் எழுந்தன. பெரோஸ் காந்தி விடாமல் பிடித்தார். சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். ஆளுங்கட்சி எம்.பி.யே, பிரதமரின் மருமகனே கேட்ட காலம் அது. அதை இன்றைக்கு எதிர்பார்க்கச் சொல்லவில்லை.

நிலவன்

நல்ல கதைகள். கெட்ட கதையையும் யாராவது சொல்ல வேண்டுமே. 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதை ரகசிய கேமரா காட்டிக்கொடுத்து 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. 2023 டிசம்பரில் மஹுவா மொய்த்ரா, கேள்வி பதிவேற்றும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாருக்குக் கொடுத்தார் என்று நீக்கப்பட்டார். மக்கள் பிரதிநிதியின் கேள்வி என்று நீங்கள் உருகுவது யாரோ எழுதிக் கொடுத்த சரக்கு.

பழையகோப்பு

நிலவன் தம்பி, பயனில்லாத சரக்குக்கு யார் காசு கொடுப்பார்கள்? நீங்கள் சொன்ன சடங்கை நீங்களே உடைத்துவிட்டீர்கள். 1951லேயே எச்.ஜி. முத்கல் என்ற எம்.பி. பம்பாயின் தங்கம், வெள்ளி வணிகர் சங்கம் ஒன்றுக்காகக் கேள்வி கேட்டு மாட்டிக்கொண்டார். நேருவே அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். போட்டி நிறுவனத்தின் உரிமம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை அமைச்சகத்தைக் கொண்டே எழுத வைக்க முடியும் என்றால் அதற்குச் சந்தை விலை உண்டு. மஹுவா பணம் வாங்கவில்லை என்று மறுத்தார், 2024இல் அதே கிருஷ்ணாநகரில் மறுபடி வென்றார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பது பதில் எழுதுபவனுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். ஒரே சொற்களில் நாலு உறுப்பினர் பெயரில் கேள்வி வரும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்துவிடுவோம். அவர்கள் மலரில் நாலு பேருக்கும் ஒவ்வொரு எண்ணிக்கை ஏறும்.

தூறல்

லண்டனிலிருந்து. இங்கே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில் எழுத்துபூர்வ கேள்விக்குப் பட்டியல், குலுக்கல் கிடையாது. எழுதிப் போட்டால் வழக்கமாக ஒரு வாரத்தில் பதில் வர வேண்டும். நாள் குறித்துப் பதில் கேட்கும் வகையும் உண்டு, ஒரு நாளைக்கு 5. ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு அதன் எண்ணைச் சொல்லி அடுத்த கேள்வி, அதற்கு அடுத்தது என்று போட்டுக்கொண்டே போகலாம்.

அதனால் இங்கே எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈராக்குக்கு ஆயுதத் தளவாட ஏற்றுமதிக் கொள்கை மாறியதை எம்.பி.க்களின் கேள்விகளுக்கும் கடிதங்களுக்கும் தந்த பதில்களில் அமைச்சர்கள் மறைத்ததாக நீதிபதி ஸ்காட்டின் விசாரணை அறிக்கை 1996இல் பக்கம் பக்கமாக எழுதியது. பழையகோப்பு ஐயாவின் சந்து இங்கேயும் இருக்கிறது. தரை மட்டும் கொஞ்சம் வழவழப்பு.

கரிசல்மண்

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தால் அத்தோடு மறந்துவிடுவார்களா? தேடியபோது அப்படி நிறையப் பார்த்தேன்.

பழையகோப்பு

அது எங்களுக்குப் பிடிக்காத வாக்கியம். சேகரித்து அவை மேசையில் வைக்கிறோம் என்று எழுதினால் அது உறுதிமொழி. 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவகாசம் கேட்டுக் கடிதம், மறுபடி கடிதம், பிறகு செயலர் நேரில் போய்க் குழுவின் முன் உட்கார வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்பதும் உறுதிமொழிப் பட்டியலில் வரும். அதனால் வரைவு மேலே போகும்போது இணைச் செயலர் அந்த வார்த்தையை அடித்துவிட்டு "இது ஒரு தொடர் செயல்பாடு" என்று போடுவார். தொடர் செயல்பாட்டுக்கு முடிவு தேதி கிடையாது பாருங்கள்.

பலவீனமும் சொல்லிவிடுகிறேன். இழுத்தடித்துவிட்டு உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்கலாம், கிடைப்பதும் உண்டு. எனவே கேட்ட உறுப்பினர் நினைவில் வைத்துத் துரத்த வேண்டும். பதிலில் பிழை இருந்தால் மக்களவைத் தலைவரின் 115ஆம் வழிகாட்டுதலின்படி எழுதிக் கொடுக்கலாம். மேலும் விளக்கம் வேண்டுமானால் அரைமணி நேர விவாதம் கோரலாம். இவற்றையெல்லாம் பயன்படுத்தியவர்கள் என் காலத்தில் சிலரே. மற்றவர்களுக்குப் பதில் கிடைத்ததும் திருப்தி.

அகல்விழி

சட்டக் கல்லூரி மாணவி. மலக்குழி மரணங்கள் பற்றி ஒரு எம்.பி. அலுவலகத்துக்குக் கேள்வி தயாரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்படி எழுதினேன். சரியா, ஐயா?

"தமிழ்நாட்டில் மலக்குழி மரணங்களைத் தடுக்க அரசு தவறியது ஏன்? சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது தொடர்வதற்கு அரசு வெட்கப்படுகிறதா? குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்படுகிறதா? இதைத் தடுக்க என்னென்ன நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன?"

பழையகோப்பு

கோபம் நியாயம், அம்மா. ஆனால் நான் இன்னும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இதைப் பார்த்து நிம்மதியாக டீ குடிக்கப் போயிருப்பேன்.

"வெட்கப்படுகிறதா" மக்களவைச் செயலகத்திலேயே விழுந்துவிடும். மக்களவை விதி 41இன்படி கேள்வியில் வாதம், ஊகம், எள்ளல், பழிச்சொல் கூடாது. கருத்தும் கேட்கக் கூடாது. "தவறியது ஏன்" என்பது ஊகம். "வழங்கப்படுகிறதா" என்றால் பதில்: ஆம், ஐயா. "என்னென்ன நடவடிக்கைகள்" என்பது நீங்களே விரித்துக் கொடுக்கும் கம்பளம். தூய்மைப் பணியாளர்களுக்கான நமஸ்தே திட்டம் பற்றி ஒன்றரைப் பக்கம் வரும், இறந்தவர் பற்றி ஒரு வரி இருக்காது.

இப்படிப் போடுங்கள். சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சர் தெரிவிப்பாரா:

(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கையால் மலம் அள்ளும் பணியிலும், கழிவுநீர்க் குழாய், மலக்குழிகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்யும் பணியிலும் இறந்தவர்களின் எண்ணிக்கை, தனித்தனியாக, மாநில வாரியாக, ஆண்டு வாரியாக;

(ஆ) 20.10.2023க்குப் பின் நேர்ந்த மரணங்களில், உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 30 லட்சம் ரூபாயை முழுமையாகப் பெற்ற, ஒரு பகுதி பெற்ற, எதுவும் பெறாத குடும்பங்களின் எண்ணிக்கை, மாநில வாரியாக;

(இ) இம்மரணங்களுக்காக மேற்படி சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள், தண்டனை பெற்றவர்கள் எண்ணிக்கை;

(ஈ) மேற்கண்டவற்றில் எந்தத் தகவலாவது பராமரிக்கப்படவில்லையெனில், எது, அதைப் பராமரிக்கும் அமைப்பு எது, மாநிலங்களிடம் அது கடைசியாகக் கேட்கப்பட்ட தேதி?

(அ)வில் இரண்டு பெயரையும் சொல்லிவிட்டதால் 2021இல் நடந்த வரையறை விளையாட்டு நடக்காது. (ஆ) மூன்று பெட்டியாகக் கேட்கிறது. பழைய 10 லட்சத்தையே கொடுத்துவிட்டு இழப்பீடு வழங்கப்பட்டது என்று எழுத முடியாது. (ஈ)தான் முக்கியம். தரவு இல்லை என்று சொல்ல நினைக்கும் அதிகாரி, நீ கேட்டாயா, எப்போது கேட்டாய் என்ற வரிக்கும் சேர்த்துப் பதில் எழுத வேண்டும்.

தராசு

நன்று. ஒரு ஐயம். (இ)யில் வழக்கு விவரம் வருவதால் இதை உள்துறைக்குத் தள்ளிவிட மாட்டார்களா? அல்லது காவல்துறை மாநிலப் பட்டியல் என்று கை கழுவலாம்.

பழையகோப்பு

முயல்வார்கள். அதனால்தான் "மேற்படி சட்டத்தின் கீழ்" என்று கட்டியிருக்கிறேன். அந்தச் சட்டத்தை நிர்வகிப்பது சமூக நீதி அமைச்சகம். தங்கள் சட்டத்தில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று தெரியாது என்று எழுதுவது அவர்களுக்குச் சங்கடம். அப்படி எழுதினாலும் நல்லதுதான், அதுவும் பதிவு.

அகல்விழி

மிக்க நன்றி ஐயா. தமிழ்நாட்டை மட்டும் கேட்காமல் எல்லா மாநிலங்களையும் கேட்டால் பதில் தாமதமாகாதா?

பழையகோப்பு

ஒரு மாநிலத்தை மட்டும் கேட்டால் அந்த மாநிலத்து ஆளுங்கட்சி பற்றிய கேள்வியாகப் பார்ப்பார்கள். எல்லா மாநிலமும் கேட்டால் இணைப்பில் அட்டவணை வரும்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் வசதி. 150 சொல்லுக்கு மேல் வேண்டாம் என்கிறது விதி. ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது நீளும், அதை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். சமூக நீதி அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்று கூட்டத்தொடர் அட்டவணையில் பார்த்து, முன்னறிவிப்பு தொடங்கும் நாளிலேயே பதிவேற்றச் சொல்லுங்கள். குலுக்கலில் விழாவிட்டால் அடுத்த வாரம் அதே கேள்வி, ஒரு எழுத்தும் மாற்றாமல்.

கரிசல்மண்

அகல்விழி, பதில் வந்தால் எண்ணோடு இங்கே போடுங்கள். (ஈ)க்கு என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.